ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுச் சம்பளம்

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறார். கண்ணழுத்த நோயால் பார்வை வெகுவாக மங்கிவிட்டது. ஆள் நடமாட்டம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி குடித்து முடித்ததும், கறுப்பு அட்டை போட்ட தடித்த வேதாகமத்தை என் மடியில் வைத்தார்.

"மத்தேயு இருபதாம் அதிகாரம். வாசி, ஐயா."

வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வதைவிட, எழுத்துக் கூட்டினேன் என்பதுதான் சரி. நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இடைநிலைப் பள்ளியில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று போனதில், என் தமிழ் வாசிப்பு கைப்பேசிச் செய்திகளோடு நின்றுவிட்டது. ஒரு வழியாகப் பதினாறு வசனங்களை முடித்து நிமிர்ந்தேன்.

"என்ன புரிஞ்சுது?"

"திராட்சைத் தோட்டத்து முதலாளி கூலிக்கு ஆள் பிடிக்கிறாரு. காலையில வந்தவனுக்கும் பதினோரு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்குறாரு. பதினோரு மணின்னா பாதி நாள் வேலை செஞ்சிருப்பான். அவ்வளவு பெரிய அநியாயம் இல்லதான், அத்தே."

அத்தை சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார்.

"அது பதினோரு மணி இல்லடா. சாயங்காலம் அஞ்சு மணி! உன் தாத்தா இருந்திருந்தா உன்ன மறுபடியும் முதல் பக்கத்துல உட்கார வெச்சிருப்பாரு. காடியை எடு. தோட்டத்துக்குப் போவோம்."

ரந்தாவ் சாலையில்

சிரம்பானிலிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் ரந்தாவ். போகிற வழியில் சிரம்பான் 2-இன் வரிசை வீடுகளும் கடைத்தொகுதிகளும் வருகின்றன. "இதெல்லாம் பால்மரமா இருந்த இடம்" என்றார் அத்தை, வெளியே பார்க்காமலேயே. ரந்தாவ், லின்சம், சிலியாவ் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்த பெயர்கள் நெகிரி செம்பிலான் தமிழர்கள் பலருக்குச் சொந்த ஊர்ப் பெயர்கள். இந்த வட்டாரத்தில் முதலில் காப்பி நட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891-லேயே வந்துவிட்டது. தோட்டத்துச் சரக்கு அதன் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போனது.

தாத்தா தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. பகலில் பால்மரம் வெட்டினார், மாலையில் உபதேசியார். சபைக் குருவானவர் பல தோட்டங்களுக்கும் சேர்த்து ஒருவர்தான் என்பதால், மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. எந்தச் சபையாக இருந்தாலும் தோட்டத்தில் வேதம் நிலைத்தது இப்படிப்பட்ட ஆட்களால்தான்.

தோட்டத்து நுழைவாயிலில் மாரியம்மன் கோயில் புதுச் சாயத்தோடு நின்றது. லயத்தில் ஐந்தாறு வீடுகள்தான் மிச்சம். மற்ற குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் லோரி நின்றது. அதற்குப் பின்னால், செம்பனை நிழலில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்னக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதுதான் ஜெப வீடு.

தாத்தாவின் கணக்குப் புத்தகம்

ஜெப வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அத்தை தன் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தார். ஒன்று, அட்டை கிழிந்த சிறு ஞானோபதேசம். மார்ட்டின் லுத்தர் 1529-ல் சாதாரணக் குடும்பங்களுக்காக எழுதிய வினா-விடைப் புத்தகத்தின் தமிழ். மற்றொன்று, தாத்தா கையால் எழுதிய பள்ளிப் பயிற்சிப் புத்தகம்.

கேள்வி கேட்டுப் பதில் சொல்லி வேதத்தை விளக்கும் இந்த முறை தமிழுக்குப் புதிதல்ல. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே இப்படிப்பட்ட ஓர் அறிமுக நூல்தான். 1578-ல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அடுத்த வருடம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. அது வினா-விடையாகவே அமைந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார். வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் அதே வினா-விடை முறையில் சைவப் பிள்ளைகளுக்குச் 'சைவ வினாவிடை' எழுதினார். படிக்காதவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் சமயத்தைச் சொல்லிக் கொடுக்க இதுவே சுலபமான வழி என்று இரு பக்கத்தாரும் கண்டுகொண்டார்கள்.

தாத்தாவின் பயிற்சிப் புத்தகத்தில் வேதாகமச் சொற்களுக்குத் தோட்டத்துப் பேச்சில் விளக்கம் எழுதியிருந்தது. ஆயக்காரன்: அந்நிய ராஜாவுக்காகச் சொந்த ஜனத்திடம் வரி வாங்குகிறவன், ஊருக்குப் பிடிக்காதவன். நூற்றுக்கு அதிபதி: நூறு சிப்பாய்க்குப் பெரிய கங்காணி. நிருபம்: கடிதம். சங்கீதம்: பாட்டுக் கச்சேரி அல்ல, ஜெபமாகப் பாடுகிற பாட்டு, மொத்தம் 150. தாலந்து: பெரிய எடை வெள்ளி, ஒருவன் பல வருடம் உழைத்தாலும் சேர்க்க முடியாதது.

மத்தேயு இருபதுக்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருந்தார். யூதர்கள் பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். ஆகவே மூன்றாம் மணி என்றால் நமக்குக் காலை 9. ஆறாம் மணி உச்சி வெயில். ஒன்பதாம் மணி மாலை 3. பதினோராம் மணி மாலை 5, அதாவது வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது. 'ஒரு பணம்' என்பதற்குப் பக்கத்தில், அன்றைய கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம் என்று எழுதியிருந்தது. ரோமர்களின் வெள்ளிக்காசுக்கு, தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் புழங்கிய நாணயத்தின் பெயரைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் வைத்தார்கள். அது தெரியாமல் நான் அதை வெறும் 'பணம்' என்று வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

எஜமான் என்பதற்கு எதிரே 'துரை'. கூலியைக் கொடுக்கும் காரியக்காரனுக்கு எதிரே 'கிராணி'. தாத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம் என்றாலும் தோட்டம் தோட்டம்தான்.

அரிசிச் சண்டை

நாங்கள் வந்தது தெரிந்து, மிச்சமிருந்த லயத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் திருநீறு. "வாம்மா தங்கச்சி" என்றவர், என்னைப் பார்த்து, "உபதேசியார் பேரனா? மூக்கு அப்படியே இருக்கு" என்றார். மாரியம்மன் கோயில் திருவிழாவை இன்றைக்கும் முன்னால் நின்று நடத்துகிறவர் இவர். இளவயதில் தாத்தாவின் மாலை வகுப்புக்கு எழுத்துப் படிக்க வந்தவர். "எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது அவர்தான். சாமி வேற, வாத்தியார் வேற. அவரும் என்ன மாத்தப் பார்க்கல, நானும் மாறல" என்றார்.

நான் பதினோராம் மணிக் கதையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு, "அந்தக் கதைக்கு இங்க அடிதடியே வந்துச்சு, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அது 1969. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி எடுக்க வேண்டும் என்று 1968-ல் வந்த சட்டம் நடைமுறைக்கு வந்த சமயம். தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் நிறைய. நீல அட்டைக்கு மனுப்போடாமல் விட்டவர்கள், மனுப்போட்டும் கிடைக்காதவர்கள். பெரட்டில் ஒருநாள் பேர் கூப்பிடும்போது அவர்கள் பேர் வரவில்லை. சிலர் கப்பல் ஏறி ஊருக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்காவது குத்தகை வேலை கிடைக்குமா என்று காலையில் சாலையோரம் போய் நின்றார்கள்.

"என் மாமா அப்படி நின்னவர்தான். மழைன்னா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்லன்னு எங்களுக்கே இழுபறி. அவங்களுக்கு ஒன்னுமே இல்ல. உங்க தாத்தா வீட்டுக்கு வீடு அரிசி கேட்டுச் சேர்த்து, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அளவா பங்கு போட்டாரு. வேலையில இருந்து, பிள்ளைங்க அதிகமா இருந்த வீட்டுக்கும் கொடுத்தாரு, வேலை இல்லாதவனுக்கும் கொடுத்தாரு. ஒருத்தன் எழுந்து கத்தினான். 'நான் விடியக்காலையில நாலு மணிக்கு எழுந்து மரம் வெட்டுறேன். ரோட்டுல நிக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே அளவா?'ன்னு."

அன்று இரவு இதே திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துத் தாத்தா இந்த அதிகாரத்தை வாசித்தாராம். வாசித்துவிட்டு விளக்கம் சொல்லவில்லை. வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார். யார் சொன்னது? யாரிடம் சொன்னது? அதற்கு முன்னால் என்ன நடந்தது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், இயேசு. இரண்டாவது, சீடர்கள். மூன்றாவதுதான் சாவி. இருபதாம் அதிகாரத்தை மட்டும் படித்தால் அது கிடைக்காது. பத்தொன்பதாம் அதிகாரத்தின் கடைசியைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் பின்னால் வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார். அதற்கான பதிலின் தொடர்ச்சிதான் இந்தக் கதை. முதலில் வந்தவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள், அவர்களுக்குச் சொன்ன கதை.

பிறகு தாத்தா இன்னொன்று கேட்டாராம். ஐந்து மணிக்கு நின்றவன் ஏன் அதுவரை நின்றான்?

"நாங்க எல்லாரும் சோம்பேறின்னு நெனச்சோம். அவர் திருப்பி வாசிச்சுக் காட்டினாரு. அவன் சொல்ற பதில் கதையிலேயே இருக்கு. யாரும் அவன வேலைக்குக் கூப்பிடல. காலையில இருந்து நின்னுக்கிட்டேதான் இருந்தான். அதக் கேட்டதும் என் மாமா அழுதுட்டாரு" என்றார் பெரியவர். "கத்தினவன்?" என்று கேட்டேன். "அன்னைக்கு முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு எழுந்து போயிட்டான். ஒத்துக்கவே இல்ல. ஆனா அடுத்த வாரம் அரிசி கொடுத்தான். கோவமாத்தான் கொடுத்தான்."

அத்தையின் முறை

பெரியவர் இளநீர் வெட்டப் போனார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் தாத்தா கதைய எல்லாரும் பெருமையாத்தான் சொல்றாங்க" என்றார். "எனக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுக்கல, தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. இந்தத் தோட்டத்திலும் பள்ளி இருந்தது. ஆனால் அத்தை மூத்த பெண். பாட்டியும் வெட்டுக்குப் போவார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் திண்ணையில் அ, ஆ எழுதும்போது, உபதேசியார் மகள் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வினா-விடை முழுவதும் காதால் கேட்டே மனப்பாடம். ஒரு எழுத்தும் தெரியாது.

"முப்பத்து நாலு வயசுல உங்க மாமா போயிட்டாரு. கிராணி ஒரு தாள்ல கையெழுத்துக் கேட்டாரு. நான் கைநாட்டு வெச்சேன். அப்பா பக்கத்துல நின்னு பார்த்தாரு. ராத்திரி வந்து சிலேட்ட என் முன்னால வெச்சாரு. ஒன்னும் பேசல. மன்னிச்சிக்கோன்னுகூடச் சொல்லல. இந்த அதிகாரத்தத் திறந்து, 'இதுலேர்ந்து படிப்போம்'னாரு. அஞ்சு மணிக்கு வந்தவ நான்தான், ஐயா. எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா படிச்சேன். ஒரு வருஷத்துல இதுக்குப் பக்கத்துல இருக்குற எல்லாத்தையும் வாசிச்சிட்டேன்."

இப்போது கண் இல்லை. அதனால்தான் அந்தப் புத்தகம் என் மடிக்கு வந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எதிரே செம்பனை வரிசைகளுக்கு நடுவே வங்காளதேசத்து இளைஞர் இருவர் உதிர்ந்த பழங்களைக் கோணிப்பையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டு, "யாரு?" என்றார் அத்தை. சொன்னேன். "அப்ப அடுத்ததா ரூத் வாசி. நாலே அதிகாரம். வேத்து நாட்டுப் பொண்ணு, மாமியாரோட வந்து, அறுப்பு வயல்ல சிந்தின கதிர் பொறுக்குவா. சிந்தினத ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுடணும்னு அவங்க சட்டத்துலயே இருக்கு. உதிரி பொறுக்குனவங்களுக்கு அந்தப் புத்தகத்துக்கு விளக்கமே வேண்டாம்."

வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

வீடு திரும்பிய பிறகு, என்னைப் போன்றவர்களுக்காகத் தாத்தாவின் முறையைக் குறித்து வைத்துக்கொண்டேன். கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, நண்பர் வீட்டுத் திருமணத்திலோ இறுதிச் சடங்கிலோ வேத வாசிப்பைக் கேட்டுப் புரியாமல் உட்கார்ந்திருந்த எவருக்கும் இது உதவும்.

வேதாகமம் ஒரு புத்தகம் அல்ல, ஒரு நூலகம். பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27, மொத்தம் 66 நூல்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73. வரலாறு, சட்டம், பாட்டு, பழமொழி, கடிதம், கனவு என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. பாட்டைச் சட்டம்போலவும், உவமையைச் செய்திபோலவும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கியவர்களில் பலர் மூன்றாவது நூலான லேவியராகமத்தின் பலி விதிகளில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, பதினாறு அதிகாரம். ரூத்தும் யோனாவும் நான்கு நான்கு அதிகாரம், ஒரே உட்காரலில் முடியும்.

பழைய தமிழ் கடினமாக இருந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் பாட்டி தாத்தாவின் நாவில் ஊறியது 1871-ல் வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்த தமிழ். 1995-ல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் இன்றைய தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொருளுக்குப் புதியது, பாட்டியோடு சேர்ந்து சொல்லப் பழையது.

பிறகு தாத்தாவின் மூன்று கேள்விகள். ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுத்துச் சுவரில் மாட்டுவதற்கு முன் அவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக, சத்தமாக, யாரோடாவது சேர்ந்து வாசிக்க வேண்டும். தனியாக வாசித்திருந்தால் நான் இன்னும் பதினோரு மணியிலேயே நின்றிருப்பேன்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அத்தைக்குக் கைப்பேசியில் வாசிக்கிறேன். மாற்கு ஆறாம் அதிகாரம் வரை வந்திருக்கிறோம். தப்பாக வாசித்தால் அவருக்கு மனப்பாடம், உடனே நிறுத்தித் திருத்துகிறார். போன வாரம் ஏழு வயது மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வாசித்து முடித்ததும், அந்தப் பக்கத்திலிருந்து அத்தை, "யார் சொன்னது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொன்னாள். தப்பான பதில்தான்.

"பரவாயில்ல, கண்ணு," என்றார் அத்தை. "அப்பாவ இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லு."